நடைமேடை விளிம்பு விளக்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வாஷிங்டன் நகரில் வேலை பார்க்கும் என் மகன், அங்குள்ள சுரங்க ரயில் நிலையங்களில் நடைமேடை விளிம்பில் பதித்திருக்கும் எச்சரிக்கை விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புதிய எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துவதைப் பற்றிச் சொன்னான். பல்பு மாற்றுவதற்கு ஒரு மாநகரமே இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? அந்த விளக்குகளால் அப்படி என்ன பயன்?
– ஓர் இல்லத்தரசி, சூரமங்கலம்

பதில்: வாஷிங்டன் மெட்ரோ 1976ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று ஓடத் தொடங்கியது. கட்டடக் கலைஞர் ஹாரி வீஸ் வடிவமைத்த அந்நிலையங்களில், வளைந்த கான்கிரீட் கூரையின் மீது ஒளியைப் பாய்ச்சி, அது மென்மையாகத் திரும்பி விழும்படி செய்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கால் வைக்கும் இடம் பளிச்சென்று தெரியாது. அதனால்தான் நடைமேடையின் ஓரத்தில் பதித்த கிரானைட் கல்லிலேயே, இடைவெளி விட்டு, வட்டமான விளக்குகளைத் தரையோடு தரையாகப் பொருத்தினார்கள். வண்டி நெருங்கும்போது அவை விட்டு விட்டு எரியும். அந்தத் தண்டவாளத்தின் ஓரமாக 750 வோல்ட் மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளம் ஒன்று ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே தவறி விழுபவருக்கு, வண்டி வராவிட்டாலும் ஆபத்துதான்.

வண்டி வருவது விளக்குக்கு எப்படித் தெரிகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சிறிதளவு மின்சாரத்தை ஓட விட்டிருப்பார்கள். வண்டியின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்தவுடன் அந்த மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிட, மறுமுனையில் உள்ள ரிலே (மின்சாரம் இருக்கும்வரை தூக்கி நிற்கும் ஒரு சுவிட்ச்) விழுந்து, ‘இந்தப் பகுதியில் வண்டி இருக்கிறது’ என்று தெரிவிக்கும். அந்தச் செய்தியைக் கொண்டுதான் விளிம்பு விளக்கு மின்னத் தொடங்கும். டிராக் சர்க்யூட் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை பெற்றார். நம் ரயில்வே சிக்னல்களிலும் இது பரவலாக உண்டு. இதில் அழகு என்னவென்றால், கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் ரிலே விழுந்துவிடும். அதாவது, பழுது ஏற்பட்டால்கூட அது ஆபத்து என்றுதான் காட்டுமே தவிர, பாதை காலியாக இருக்கிறது என்று காட்டாது.

விளிம்பு விளக்குக்கு அந்தக் குணம் இல்லை. உங்கள் கேள்விக்கான பதிலே இதில்தான் இருக்கிறது. பல்பு கருகிப்போனால் அது இருட்டாக இருக்கும். நாள்தோறும் அதே இடத்தில் நின்று பழகிய பயணி, இருட்டைப் பார்த்து, ‘வண்டி இன்னும் வரவில்லை’ என்றுதான் எடுத்துக்கொள்வார். எரியாத எச்சரிக்கை விளக்கு சும்மா இருப்பதில்லை, தவறான செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய குண்டு பல்பின் ஆயுள் ஏறத்தாழ 1000 மணி நேரம்தான். ஒவ்வொரு முறை எரிந்து அணையும்போதும் அதன் இழை சூடேறிக் குளிர்கிறது. போதாக்குறைக்கு, வண்டி வந்து நிற்கும் அதிர்வும் உண்டு. எல்.இ.டி. பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும், மின்சாரமும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும், விசையைத் தட்டிய கணத்தில் முழு ஒளியும் வந்துவிடும். ஒரு நிலையத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும் விளக்குகளை, வண்டி ஓடாத நள்ளிரவு நேரத்தில் மட்டுமே மாற்ற முடியும் என்னும்போது, இந்த ஆயுள் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும். இதற்காக ஒரு மாநகரம் மெனக்கெடுவது முற்றிலும் நியாயமே.

கேள்வி: நான் எலெக்ட்ரீஷியன். மஞ்சளும் பச்சையும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போது, எச்சரிக்கைக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுப்பது சரிதானா? எல்.இ.டி. போட்டுவிட்டால் பிறகு கவனிக்கவே வேண்டாமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: நல்ல கேள்வி. வாஷிங்டனில் முதலில் இருந்தவை வெண்ணிற விளக்குகள். 2000க்குப் பிறகுதான் பல நிலையங்களில் சிவப்பு எல்.இ.டி. வந்தது. சிவப்பு என்றால் நில் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் பலம். பலவீனமும் இருக்கிறது. வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட பச்சை கலந்த மஞ்சளையே மிகக் கூர்மையாக உணர்கிறது. மங்கலான இடத்திலோ அந்தக் கூர்மை 507 நானோமீட்டருக்கு, நீலப் பச்சைப் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. இருட்டிலும் ஓரப் பார்வையிலும் வேலை செய்யும் செல்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. நிறப் பார்வைக் குறைபாட்டில் ஒரு வகை, சிவப்பையே கருமையாகக் காட்டிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. விளக்கு விட்டு விட்டு எரிவதுதான் எல்லோருடைய கண்ணையும் இழுக்கும். அதிலும் ஓர் அளவு உண்டு. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி, வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடலாம் என்பதால், நிதானமாக மின்னுவதே நல்லது.

பராமரிப்பு கட்டாயம் வேண்டும். எல்.இ.டி. எளிதில் கெடாது, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்தான் முதலில் போகும். வெப்பமும் ஈரமும் அதற்கு எமன். சித்திரை வெயிலில் சேலத்துக் கல் தரை எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தண்ணீர் புகாத உறை, வெப்பம் இறங்க உலோகத் தளம், மழையில் நனைந்தாலும் கால் வழுக்காத மேல் கண்ணாடி, எந்த விளக்கு எரியவில்லை என்று நிலைய அறைக்கே தெரிவிக்கும் கண்காணிப்பு ஆகிய இத்தனையும் சேர்ந்தால்தான் அது எச்சரிக்கை விளக்கு.

கேள்வி: ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்போது விளக்கு எதற்கு?
– கல்லூரி மாணவி, அம்மாப்பேட்டை

பதில்: ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்ற குரல், காது கேளாதவரை எட்டாது. காதில் பாட்டுக் கேட்கும் இயர்போனை மாட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்தபடி நிற்பவரையும் எட்டாது. அவருடைய பார்வை குனிந்திருக்கும் இடத்தில் விளிம்பு விளக்கு இருக்கிறது.

கேள்வி: எனக்குப் பார்வை மங்கிவருகிறது. சேலம் சந்திப்பில் இப்படிப்பட்ட விளக்குகள் வைத்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: ஐயா, ஓரளவு உதவும். ஆனால் உங்களுக்கு அதைவிட நம்பகமான காவல் காலடியிலேயே இருக்கிறது. நடைமேடையில் குமிழ் குமிழாக மேடிட்ட மஞ்சள் ஓடுகளைக் காலால் உணர்ந்திருப்பீர்கள். ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே, பார்வையை இழந்துவந்த நண்பர் ஒருவருக்காக 1965இல் உருவாக்கிய ஏற்பாடு அது. 1967இல் ஒகாயாமா நகரத் தெருவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. நீளக் கோடுகள் இருந்தால் தொடர்ந்து நடக்கலாம். குமிழ்கள் இருந்தால் நிற்க வேண்டும். வாஷிங்டனிலும், விளக்குகள் மட்டும் போதாது என்று பிற்பாடு குமிழ் ஓடுகளைப் பதித்தார்கள்.

இங்கே ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மாம்பழப் பருவத்தில் கூடைகளையும், மற்ற நாள்களில் பெட்டி படுக்கைகளையும் நாம் இறக்கி வைக்கும் இடம் பெரும்பாலும் அந்த மஞ்சள் ஓட்டின் மேல்தான். குழந்தையோடு குடும்பமே அதன் மீது உட்கார்ந்திருக்கும். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வருபவர் பெட்டியில் மோதி, அதைச் சுற்றிப் போக விளிம்பின் பக்கம் ஒதுங்குகிறார். சேலத்தில் விளக்கு வைப்பதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், முதலில் அந்த ஓட்டின் மேல் எதையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், அதன் பிறகு விளக்குக்கு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: சென்னை மெட்ரோ சுரங்க நிலையங்களில் இருப்பது போலக் கண்ணாடிக் கதவுகளையே அமைத்துவிட்டால் என்ன?
– அயோத்தியாப்பட்டணம் வாசகர்

பதில்: மெட்ரோவுக்கு அதுவே மிகச் சிறந்த வழி. நம் சந்திப்பில் முடியாது. ஐ.சி.எஃப். எனப்படும் பழைய வகை ரயில் பெட்டியின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம், எல்.எச்.பி. எனப்படும் புதிய வகைப் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 23.5 மீட்டர். வண்டிக்கு வண்டி பெட்டிகளின் எண்ணிக்கையும் கதவு வரும் இடமும் மாறும்போது, நிலையான கதவை எங்கே வைப்பது? விளிம்பு விளக்குக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: மலையிலிருந்து எப்போதாவதுதான் ரயிலடிக்கு வருகிறோம். பிள்ளைகளோடு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?
– ஏற்காடு வாசகி

பதில்: அம்மா, மஞ்சள் ஓட்டுக்கு உள்பக்கமாக, நீங்கள் கையை நீட்டினாலும் அதைத் தொடாத தூரத்தில் நில்லுங்கள். மேக்னசைட் சந்திப்பு போன்ற சிறிய நிலையங்களில் விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் நிற்காமல் கடந்து போகும். அப்போது எழும் காற்று சிறு பிள்ளையைத் தடுமாற வைக்கும், தள்ளுவண்டியை உருட்டிவிடும். பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும். தள்ளுவண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிடுங்கள்.