ஒக்ஸ்போர்ட் யூனியன் ஒரு கட்சிச் சங்கமா? இலங்கையர் யாராவது அதற்குத் தலைவராக இருந்திருக்கிறார்களா?

கட்சிச் சங்கம் இல்லை, மாணவர் பேரவையும் இல்லை. 1823இல் தொடங்கிய தனி விவாதச் சங்கம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் நீங்கள் தானாக உறுப்பினராகிவிட மாட்டீர்கள். வேறாகக் கட்டணம் கட்ட வேண்டும். தொகை பெரியது, ஆனால் அங்கத்துவம் ஆயுளுக்கும் செல்லும்.

கட்சி அரசியலுக்கு அங்கே வேறு சங்கங்கள் உண்டு. பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான மார்கரட் தட்சர் 1946இல் தலைவராக இருந்தது பழைமைவாதக் கட்சியின் மாணவர் சங்கத்துக்கு. யூனியனில் பெண்களுக்கு முழு அங்கத்துவம் கிடைத்ததே 1963இல்தான்.

இலங்கையரில், பின்னாளில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1920களில் யூனியனின் செயலாளராக இருந்தார். தலைவர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. அதை முதலில் பிடித்த இலங்கையர் லலித் அத்துலத்முதலி, 1958இல். மறுவருடமே, பின்னாளில் வெளிநாட்டமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமர். அவருடைய உருவப்படம் 2005 மார்ச்சில் யூனியனில் திறந்துவைக்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட் கேக்கின் மேற்பூச்சு மட்டுமே, கேக் வெந்தது சொந்த நாட்டில் என்று அன்று அவர் பேசியதை விவாதம் பழகும் ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டும்.

தலைவராவது எப்படி என்றால், பதவிக்காலம் ஒரு பல்கலைக்கழகத் தவணை மட்டுமே. ஒவ்வொரு தவணையும் தேர்தல் வரும். குழு, செயலாளர், பொருளாளர் அல்லது நூலகர் என்று படிப்படியாக ஏறுவதுதான் வழமை. எனவே முதல் தவணையிலேயே சபையிலிருந்து எழுந்து பேசத் தொடங்குங்கள். முகம் தெரியாதவருக்கு யாரும் வாக்குப் போட மாட்டார்கள்.

நம் பாடசாலை விவாதிகள் சறுக்குவது ஓரிடத்தில். இங்கே நடுவர் புள்ளி போடுகிறார். அதனால் மனனம் செய்த உரையும் நீண்ட விளிப்பும் செல்லுபடியாகின்றன. அங்கே தீர்ப்புச் சொல்வது கூட்டமே. விவாதம் முடிந்ததும் ஆதரிப்போர் ஒரு கதவாலும் எதிர்ப்போர் மறு கதவாலும் வெளியேற, தலைகளை எண்ணுவார்கள். 1933இல் அரசனுக்காகவும் நாட்டுக்காகவும் போரிடமாட்டோம் என்ற பிரேரணை 275க்கு 153 என்று வென்றது அப்படித்தான். இடையில் யாராவது எழுந்து கேள்வி கேட்டால் உரையை நிறுத்திப் பதில் சொல்லவும் தெரிய வேண்டும். மனனம் அந்த இடத்தில்தான் அறுந்துவிடும். முழு உரையை எழுதாமல் நான்கு குறிப்புகளோடு பேசிப் பழகுங்கள், குறுக்குக் கேள்வி கேட்க அணியில் ஒருவரை வைத்துக்கொண்டு.