அரச குடும்பத்து வைரம் என்பதற்கு எது ஆதாரம்?

கேள்வி: "பிரெஞ்சு அரச குடும்பத்து வைரங்கள் பதித்தது" என்று ஏலத்துக்கு வரும் பழைய நகையை எதை வைத்து நம்புவது?

நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரத்திலிருந்து பார்ப்பது போலத்தான் இதையும் பார்க்க வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த ஆண்டில், எந்தத் தாளின்படி போனது என்பது முதல் கேள்வி. அந்தத் தாளில் உள்ள எடையும் அளவும் உங்கள் முன்னால் இருக்கும் கல்லோடு பொருந்துகிறதா என்பது அடுத்தது. "பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான் சொல்வார்கள்" என்பது ஆதாரத்தில் சேராது.

எடையில்தான் பலர் தவறுகிறார்கள். 200 மில்லிகிராம் கொண்ட இன்றைய காரட் 1907-க்குப் பிறகே வழக்கத்துக்கு வந்தது. பழைய பிரெஞ்சு, ஆங்கிலேயக் காரட்டுகள் 205 மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். எனவே பழைய பட்டியலில் உள்ள எண்ணைச் சுமார் 1.027-ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். கோஹினூருக்கு 186 என்றும் 191 என்றும் இரண்டு எடைகள் சொல்லப்படுவது இதனால்தான். இரண்டும் ஒரே எடை.

அடுத்த சிக்கல், மறுபடி பட்டை தீட்டுவது. அதே கோஹினூர் 1852-இல் 105.6 காரட்டாகக் குறைந்தது. அப்படி உருமாறிய கல்லையும் அடையாளம் காண முடியும் என்பதற்கு ஹோப் வைரம் சாட்சி. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் நீல வைரம் இன்றைய கணக்கில் 69 காரட். 1792 செப்டம்பரில் பாரிஸில் திருடு போனது. 1812 செப்டம்பரில், இருபது ஆண்டு முடிந்த கையோடு, லண்டனில் ஒரு நீல வைரம் குறிப்பில் வருகிறது. அதுவே இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 காரட் ஹோப். பழைய கல்லின் ஈய அச்சு 2007-இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கிடைத்தது. அதை அளந்து கணினியில் உருவம் செய்து பார்த்தபோது, ஹோப் அதற்குள் சரியாக அடங்கியது. அரச வைரங்களில் இவ்வளவு திடமான சான்று மிக அபூர்வம்.

நகையின் கட்டுமானமும் பேசும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஐரோப்பிய வைர நகைகளில் முன்பக்கம் வெள்ளி, பின்பக்கம் தங்கம் என்பதே பெருவழக்கு. முழுக்கப் பிளாட்டினமாக இருந்தால், கல் பழையதாக இருக்கலாம், கட்டு பிற்காலத்தது. பிரெஞ்சுத் தங்கத்தில் உள்ள கழுகுத் தலை முத்திரை 1838-இல் வந்தது. ஆனால் அதைக் கண்டவுடன் நகையைத் தள்ளிவிடாதீர்கள். பழைய நகை பின்னால் விற்பனைக்கு வந்தபோதும் அதைக் குத்தியிருக்கலாம். கொக்கியையும் இணைப்புகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த புதிய தடம் அங்கேதான் தெரியும்.

பழைய இந்திய வைரச் சுரங்கங்களைக் குறிக்கும் "கோல்கொண்டா" என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். நைட்ரஜன் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்த டூ-ஏ (IIa) வகை என்று ஆய்வகம் சொல்வது கல்லின் வேதியியல். அது எந்தச் சுரங்கத்துக் கல் என்று சொல்லாது. தென்னாப்பிரிக்காவின் கல்லினன் வைரமும் அதே வகைதான். ஆய்வகத்தில் வளர்க்கும் வைரங்களில் பலவும் அப்படியே.

2024 நவம்பரில் ஜெனீவாவில் சுமார் 300 காரட் வைர மாலை ஒன்று ஏறத்தாழ 48 லட்சம் டாலருக்குப் போனது. அதன் கற்களில் சில, 1785-இல் பிரெஞ்சு ராணி மாரி அந்துவானெத்தின் பெயரைக் கெடுத்த அந்த மாலையிலிருந்து வந்திருக்கலாம் என்றே சொல்லப்பட்டது. அந்த மாலையை ராணி வாங்கவுமில்லை, அணியவுமில்லை. அவர் பெயரைச் சொல்லி அதை வாங்கிய மோசடிக்காரர்கள் கல்லைக் கல்லாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். "இருக்கலாம்" என்ற சொல்லுக்கு ஏலப் பட்டியலில் பெரிய எடை உண்டு. அதைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள்.

பிரெஞ்சு அரச நகை என்று யாராவது சொன்னால், 1887 மே மாதம் குடியரசு அரசு நடத்திய ஏலத்தின் பட்டியலை முதலில் தேடுங்கள். அந்த நகைகளுக்குப் புகைப்படங்களும் உண்டு. அதுவரை எந்தப் பட்டறையிலும் நகையைக் கொடுத்து மெருகு போடச் சொல்லாதீர்கள். பழைய பெட்டியையும் வீசிவிடாதீர்கள்.