பழைய நாடகங்களின் பெண்களை வலிமையானவர், பலவீனமானவர் என்று பிரிப்பது சரியா?

நீங்கள் இலக்கிய மாணவராக, தேர்வுக்குக் கட்டுரை எழுத வேண்டியவராக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். அப்படியானால் இந்தப் பிரிவினை மதிப்பெண் வாங்கித் தரும். எனக்கோ அதன்மேல் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு.

உதகையில் கல்லூரியில் படித்தபோது கிரேக்க நாடகாசிரியர் சோபக்கிளிசின் 'ஆன்டிகனி'யைத் தமிழில் மேடையேற்றினோம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு நாடகம் அது. நகரை எதிர்த்துப் போரிட்டு மாண்ட பாலினைசிசின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று மன்னன் கிரியோன் ஆணையிடுகிறான். பாலினைசிசின் சகோதரி ஆன்டிகனி ஆணையை மீறத் துணிகிறாள். மற்றொரு சகோதரி இஸ்மினியோ, பெண்களாகிய நாம் ஆள்பவரை எதிர்க்க இயலாது என்று பின்வாங்குகிறாள். கணீரென்ற குரல் கொண்டவருக்கு ஆன்டிகனி வேடமும், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வந்த, அதிகம் பேசாத எனக்கு இஸ்மினி வேடமும் கிடைத்தன. "நீ அழுதுகொண்டு நின்றாலே போதும்" என்றார் இயக்கிய ஆசிரியர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கடைசிப் பேருந்துக்குள் நாடகம் முடிய வேண்டும் என்று இஸ்மினி திரும்பி வரும் காட்சியையே வெட்டிவிட்டார்கள். ஆன்டிகனி பிடிபட்ட பிறகு, தான் செய்யாத குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்று மன்னன் முன்னிலையில் சொல்லி, அக்காவோடு சாகவும் முன்வருபவள் இஸ்மினி. அதை மறுப்பவள் ஆன்டிகனி. உன் மகனுக்கு நிச்சயித்த பெண்ணையா கொல்லப் போகிறாய் என்று கிரியோனிடம் முதலில் கேட்பவளும் இஸ்மினிதான். இந்தக் காட்சியை நீக்கினால் கோழை ஒருத்திதான் மிஞ்சுவாள்.

நாடகம் பார்க்க வந்திருந்த அம்மா, "அந்த இன்னொரு பொண்ணு என்னதான் ஆனா?" என்று கேட்டார். கொழுந்து எடை போடுமிடத்தில் ஈரம், கழிவு என்று மேஸ்திரி கிலோக் கணக்கில் குறைக்கும்போது வாய் திறக்காதவர் அவர். வீட்டுக்கு வந்ததும், தன் கூடைக்கு வந்திருக்க வேண்டிய எடையையும் எழுதப்பட்ட எடையையும் என் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்வார். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அவர் கேள்விக்கு முழு நாடகத்திலும் பதில் இல்லை. மன்னன் இஸ்மினியை விடுவித்த பின் அவள் மேடைக்கே வருவதில்லை. சாகப் போகும் ஆன்டிகனி, அரச குலத்தில் எஞ்சிய கடைசிப் பெண் தான் என்றே சொல்லிக்கொள்கிறாள்.

ஆன்டிகனியைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவள் துணிவு எனக்கும் பிடிக்கும். துணிந்தவளை அளக்கும் கோலால் மட்டுமே மற்றவளையும் அளப்பதைத்தான் மறுக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்' நாடகத்தில் கொலைக்குக் கணவனைத் தூண்டிய லேடி மேக்பத் ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து கைகளைத் தேய்த்துக் கழுவுகிறாள். நார்வே நாடகாசிரியர் இப்சனின் நோரா, 1879இல் வெளிவந்த 'பொம்மை வீடு' நாடகத்தின் தொடக்கத்தில் கணவனிடம் கொஞ்சிப் பணம் கேட்பவள், முடிவில் வீட்டை விட்டே வெளியேறுகிறாள். இவர்களை எந்த அங்கத்தை வைத்து வகைப்படுத்துவீர்கள்?

இனி யாரேனும் 'ஆன்டிகனி'யைச் சுருக்கிப் போடுவதானால், கோரஸ் பாட்டுகளைக் குறைத்துக்கொள்ளட்டும். இஸ்மினியின் இரண்டாவது காட்சியில் கைவைக்க வேண்டாம்.