தூங்கும் கைனேஸைப் பிடிக்கும் மாத்திரை

கேள்வி: என் பெரியப்பா நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் சாப்பிடுகிறார். "கெட்ட கைனேஸை மட்டும் பிடிக்கும் மாத்திரை" என்கிறார் டாக்டர். உடம்பில் 500க்கும் மேல் கைனேஸ் இருக்கிறதாமே, மாத்திரைக்கு ஆள் அடையாளம் எப்படித் தெரிகிறது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவதுதான் கைனேஸ் என்கிற நொதியின் வேலை. பெரியப்பாவின் ரத்த அணுக்களில் 9, 22 ஆகிய குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் ஏபிஎல் என்ற கைனேஸ் ஓயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஏ.டி.பி. உட்காரும் குழி எல்லாக் கைனேஸிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

2000இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் குரியனின் குழு, இமாட்டினிபின் நெருங்கிய உறவான ஒரு மூலக்கூறோடு ஏபிஎல்லைப் படிகமாக்கி எக்ஸ்ரே வழியே பார்த்தது. மருந்து பிடித்திருந்தது வேலை செய்கிற ஏபிஎல்லை அல்ல, ஓய்விலிருக்கும் ஏபிஎல்லை. பிரேயரில் நிற்கும்போது பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். படுத்துவிட்டால் ஒவ்வொருவர் கிடக்கிற கிடை வேறு. ஓய்வில் ஏபிஎல்லின் ஒரு வளையம் புரண்டு, பக்கத்தில் ஒரு இடுக்கு திறக்கிறது. மருந்தின் வால் அதில் போய்ச் செருகிக்கொள்கிறது.

'மட்டும்' என்பதை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். கிட் என்ற கைனேஸையும் இது பிடிக்கும். அதனால்தான் ஒருவகை இரைப்பைக் கட்டிக்கும் இதையே கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. படிகத்தைப் பார்த்து இமாட்டினிபை வடிவமைத்ததாகச் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. மருந்து முன்பே தயார். ஏன் வேலை செய்கிறது என்று படிகம் பிறகு சொன்னது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு செதுக்கியது அடுத்து வந்த நைலோட்டினிப்.

படிகம் வளர்ப்பது லேசில்லை. நான் அந்த வேலையில் இருந்தவன். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுப் புரதக் கரைசலை வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, ஓரமெல்லாம் கிரீஸ் தடவி மூடிவிட்டுக் காத்திருப்போம். ஒருமுறை மூன்று மாதம் கழித்து வைரம் மாதிரி ஒன்று மின்னியது. ஊசியால் தொட்டேன், நறுக்கென்றது. புரதப் படிகம் அப்படி நொறுங்காது, வெண்ணெய் போலக் குழையும். என்னுடையது உப்பு!

கேள்வி: மாத்திரை கேட்கவில்லை, 'டி315ஐ' மாற்றம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியென்றால்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: ஏபிஎல்லில் 315ஆவது இடத்தில் இருந்த திரியோனின் போய், ஐசோலூசின் வந்திருக்கிறது. திரியோனின்தான் வாசலில் நின்று மருந்தோடு கை கோத்த அமினோ அமிலம். புதிய ஆள் பருமன், கையும் நீட்டமாட்டார். ஆனால் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பொனாட்டினிப் என்ற மருந்தின் நடுவில் கம்பி போல மெலிந்த மும்மைப் பிணைப்பு ஒன்று உண்டு, அது அவரை உரசாமல் உள்ளே போய்விடும். ரத்தக் குழாய் அடைப்பு ஆபத்து அதற்கு உண்டு, இதய நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உச்ச நீதிமன்றத்தில் இமாட்டினிப் கம்பெனியான நோவார்ட்டிஸ் தோற்றது இந்தப் படிகத்துக்காகத்தானா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இல்லை, அது வேறு படிகம். 2013 ஏப்ரலில் தீர்ப்பான வழக்கு, இமாட்டினிப் மருந்து உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டது. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இலேயே மறுத்திருந்தது. அங்கே புரதத்துக்கு வேலையே இல்லை.