தவணை மாறவில்லை, கடனும் குறையவில்லை: ஏன்?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 2021 அக்டோபரில் சூளகிரி அருகே வீடு வாங்குவதற்காக ஒரு வங்கியில் 20 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். அப்போது வட்டி 7 சதவீதம், காலம் 20 ஆண்டுகள், மாதத் தவணை 15,506 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கு மேல் தவறாமல் கட்டியும் 19.4 லட்சம் பாக்கி என்கிறார்கள். இப்போது வட்டி 8.5 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு சம்பளம் பெயருக்குத்தான் உயர்ந்திருக்கிறது. வட்டியை ஏற்றிய ரிசர்வ் வங்கியை யாரும் கேள்வி கேட்க முடியாதா? நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கணக்கில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால், நடந்ததை உங்களுக்குப் புரியும்படி எவரும் சொல்லவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கொரோனா நெருக்கடியின்போது, 2020 மே மாதத்தில் 4 சதவீதமாகக் குறைக்கப்பட்ட ரெப்போ விகிதம் (வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி), விலைவாசி உயர்வைக் கட்டுப்படுத்துவதற்காக 2022 மே முதல் ஏற்றப்பட்டு 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் 2019 அக்டோபர் முதல் பெரும்பாலும் ரெப்போவுடன் இணைக்கப்பட்டிருப்பதால், உங்கள் வட்டியும் 9.5 சதவீதம் வரை ஏறி, பிறகு இப்போதைய 8.5 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். வட்டி ஏறியபோது வங்கி தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டியிருக்கிறது. 19.5 லட்சம் பாக்கிக்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 15,437 ரூபாய் ஆகும்; அந்த நிலையில் நீங்கள் கட்டிய தவணையில் அசலுக்குப் போனது வெறும் 69 ரூபாய்.

ரிசர்வ் வங்கியைக் கேள்வி கேட்க வழி உண்டு, ஆனால் அது குறுகலான வழி. 2016இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்படி, விலைவாசி உயர்வு 4 சதவீதம் என்பது இலக்கு. அது தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்துக்கு மேல் போனாலோ 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, காரணத்தையும் பரிகாரத்தையும் ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு அறிக்கையாகத் தர வேண்டும். 2022இல் இலக்கு அவ்வாறு தவறியது; அறிக்கையும் அனுப்பப்பட்டது; ஆனால் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உக்ரைன் போரால் ஏறிய எண்ணெய் விலையை முதலில் மளிகைக் கடையிலும், பிறகு வட்டியாக வங்கியிலும் என இரண்டு முறை சுமந்தவர்கள் உங்களைப் போன்ற தொழிலாளர்கள். அதற்கான விளக்கத்தைப் படிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லையா? வளர்ச்சியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சொல்லும் அந்தச் சட்டம், கூலிக்கென்று தனி இலக்கு எதையும் வைக்கவில்லை. இதை நாடாளுமன்றத்தில் எழுப்பும்படி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டைக் காக்கும் விதி வேறொன்று. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையைக் காட்டும் அறிக்கையைக் காலாண்டுதோறும் தர வேண்டும் என்பதும் அதில் அடங்கும். இப்போதைய 8.5 சதவீதத்தில் பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால், கடன் முடிய இன்னும் 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தவணையை 17,500 ரூபாயாக உயர்த்தினால் சுமார் 18 ஆண்டுகளில் முடியும். மாதம் 2,000 ரூபாய் என்பது உங்கள் சம்பளத்தில் சிறிய தொகையல்ல என்பதை அறிவேன். முடியாவிட்டால் தீபாவளி போனஸில் ஒரு பகுதியையாவது அசலில் கட்டுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. ரெப்போவுக்கு மேல் வங்கி எத்தனை சதவீதம் சேர்க்கிறது என்பதையும், புதிதாகக் கடன் வாங்குபவருக்கு எவ்வளவு சேர்க்கிறது என்பதையும் கேளுங்கள். வித்தியாசம் அதிகமிருந்தால் குறைக்கக் கோருங்கள், மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதற்கான செலவை விசாரியுங்கள்.

இவற்றையெல்லாம் வாய்மொழியாகக் கேட்காமல் கடிதமாகக் கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் சரியான பதில் வராவிட்டால், அந்த நகலை இணைத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.