சினான் விற்ற நாய்

மதிப்பிற்குரிய ஐயா,

சில வாரங்களாகத் துருக்கி இயக்குநர் நூரி பில்கே ஜெய்லானின் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் செல்போனில்தான். இழுக்கும் இடங்களில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். ‘தி வைல்ட் பியர் ட்ரீ’ பார்த்து முடித்த இரவு தூக்கமே வரவில்லை. சினான் நான்தான். படித்து முடித்து ஊர் திரும்பி, எழுத ஆசைப்பட்டு, வாசிப்பு என்றால் என்னவென்றே தெரியாத கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன். அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா மூட்டையைத் தவிர அவருக்கு வேறு பேச்சு கிடையாது.

நண்பர்கள் நான்கைந்து பேருக்கு ஜெய்லானை அறிமுகப்படுத்த எந்தப் படத்தில் தொடங்கலாம்? மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே இருப்பது சினிமாவா என்று ஒருவன் கேட்கிறான். நாட்டு அரசியலைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை என்கிறான் இன்னொருவன். என்ன பதில் சொல்வது?

அரவிந்தன்
மணப்பாறை

*

அன்புள்ள அரவிந்தன்,

அரசியல் பேசுவதில்லை என்ற நண்பரிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். 2014இல் கான் திரைப்பட விழாவில் ‘விண்டர் ஸ்லீப்’ தங்கப் பனை விருது பெற்றபோது, அந்த ஓராண்டில் உயிரிழந்த துருக்கி இளைஞர்களுக்கு அதைச் சமர்ப்பிப்பதாக ஜெய்லான் மேடையில் சொன்னார். துருக்கி அரசை எதிர்த்து இஸ்தான்புல்லில் வெடித்த கெசி பூங்கா போராட்டம் நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்நாட்டின் சோமா நிலக்கரிச் சுரங்கத்தில் 301 பேர் செத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பேச்சு சினிமாவா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அந்த நண்பர் ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்துவிட்டு வரட்டும்.

உங்களைத்தான் திட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டிக்கொண்டு பார்த்தேன் என்று எப்படி உங்களால் கூசாமல் எழுத முடிகிறது? ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் அனடோலியா’வில், புதைத்த பிணத்தைத் தேடிக் கொலையாளியோடு ஒரு கூட்டம் இரவெல்லாம் அலைகிறது. நடுவே மரத்திலிருந்து ஓர் ஆப்பிள் உதிர்கிறது. சரிவில் உருண்டு, ஓடையில் விழுந்து, நீரோடு கொஞ்ச தூரம் போய், ஏற்கெனவே அங்கே ஒதுங்கி அழுகிக்கொண்டிருக்கும் ஆப்பிள்களோடு சேர்ந்து நிற்கிறது. அதை முடுக்கி ஓட்டினால் ஆப்பிள் விழுந்தது என்ற தகவல் மட்டுமே உங்களுக்கு மிஞ்சும். அந்த வேலைக்கு விக்கிபீடியா போதும்.

ஆனாலும் உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘சினான் நான்தான்’ என்ற வரிக்காக. ஜெய்லானை விரும்பும் இளைஞர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். ஊருக்குள் தனித்துவிடப்பட்ட அறிவாளிக்கு ஆறுதல் சொல்லும் கலைஞராக அவரை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வாசிப்பு எனக்குக் கோபமூட்டுகிறது. கொஞ்ச நாளாகவே மனதில் இருந்த கோபம், உங்கள் கடிதத்தால் வெளியே வருகிறது.

சினான் செய்தவற்றை வரிசையாக நினைத்துப்பாருங்கள். ஊரில் எழுத்தாளர் சுலைமானைப் புத்தகக் கடையில் பிடித்து, தெரு வரை துரத்திப்போய், அவர் பொறுமை இழக்கும்வரை சீண்டுகிறான். தன் சட்டைப் பையிலிருந்து பணம் காணாமல்போனதும் அப்பாதான் எடுத்திருப்பார் என்று முடிவுகட்டுகிறான். புத்தகம் அச்சிடப் பணம் போதாமல் அப்பாவின் வேட்டை நாயை அவருக்குத் தெரியாமல் விற்கிறான். குதிரைப் பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைத்து, ஊரெல்லாம் கடன் வைத்திருக்கும் பள்ளி ஆசிரியர் இத்ரீஸ். அவருக்கு மிச்சமிருந்த ஒரே துணை அந்த நாய். அதை விற்ற காசும் சேர்ந்துதான் சினானின் இலக்கியம் அச்சாகிறது. நாயைக் காணாமல் அவர் உடைந்துபோவதை அவன் பார்க்கவும் செய்கிறான்.

பிறகு ராணுவத்துக்குப் போய்த் திரும்புகிறான். புத்தகக் கடையில் ஒரு பிரதிகூட விற்கவில்லை. வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தவை ஈரத்தில் பூஞ்சை பிடித்துக்கிடக்கின்றன. அம்மாவும் தங்கையும் படிக்கவில்லை. படித்த ஒரே ஆள் அப்பா. வரிகளை எடுத்துச்சொல்லும் அளவுக்குப் படித்திருக்கிறார். புத்தகத்தைப் பற்றிச் செய்தித்தாளில் வந்த துணுக்கை வெட்டி மணிபர்ஸில் வைத்திருக்கிறார். அரவிந்தன், நீங்கள் சொல்லும் ‘வாசிக்கத் தெரியாத கூட்டத்தில்’ ஒருவராகத்தான் சினான் அவரைக் கணக்கில் வைத்திருந்தான். படம் அவனுக்காகக் கண்ணீர் விடவில்லை. அவனைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கிறது.

ஜெய்லான் முதலில் கூண்டில் ஏற்றியது தன்னைத்தான். ‘க்ளவுட்ஸ் ஆஃப் மே’யில் நகரத்திலிருந்து சினிமா எடுக்க ஊருக்கு வரும் மகனாக ஒரு பாத்திரம். அவனுடைய தாய் தந்தையாக நடித்தவர்கள் ஜெய்லானின் சொந்தத் தாய் தந்தையரான ஃபாத்மாவும் எமினும். அப்பா தான் வளர்த்த மரங்களை அரசாங்க அளவைக்காரர்களிடமிருந்து காப்பாற்றத் தவித்துக்கொண்டிருக்கிறார். மகனுக்கு அவர் வசனத்தை ஒழுங்காகச் சொன்னாரா என்பதுதான் கவலை. தன் அப்பாவையே நடிக்கவைத்து, அவர் பேச்சைக் காதில் வாங்காத மகனைப் பற்றி ஒருவர் படம் எடுக்கிறார். 1999இல், இந்த விருதெல்லாம் வருவதற்கு முன்பே.

2002இல் வந்த ‘டிஸ்டன்ட்’ இன்னும் கொடூரம். படத்தில் புகைப்படக்காரர் மஹ்மூத்தின் வீடு ஜெய்லான் குடியிருந்த வீடு, காரும் அவருடையது. ஆலை மூடிவிட்டதால் கப்பல் வேலை தேடி இஸ்தான்புல் வந்து, மஹ்மூத்தின் வீட்டில் தங்குகிறான் சொந்தக்காரன் யூசுஃப். ஒருநாள் மஹ்மூத்தின் வெள்ளிக் கடிகாரத்தைக் காணோம். எடுத்தாயா என்று நேராகக் கேட்காமல், யூசுஃபின் காதில் விழும்படி தேடுகிறான், விசாரிக்கிறான். அப்புறம் ஒரு பெட்டிக்குள் கடிகாரம் கிடைத்துவிடுகிறது. கிடைத்ததை அவன் யூசுஃபிடம் சொல்வதில்லை. ஒரு வார்த்தை போதும், அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ரஷ்ய மேதை தார்கோவ்ஸ்கியின் படங்களைப் பார்க்கிற மனிதன் அவன்! யூசுஃபாக நடித்த மெஹ்மத் எமின் தோப்ராக் ஜெய்லானின் அத்தை பிள்ளையோ மாமன் பிள்ளையோ, நெருங்கிய ரத்த உறவு. படம் முடிந்த கொஞ்ச நாளில் கார் விபத்தில் செத்துப்போனார். 2003இல் கானில் சிறந்த நடிகர் விருதை மஹ்மூத்தாக நடித்த முஸாஃபர் ஓஸ்தெமிரோடு அவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள்.

கடிகாரக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு என் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. தமிழாசிரியர். கை சுத்தமான மனிதர், சாதி பார்க்காதவர், வீடு நிறைய புத்தகம். டைப்ரைட்டிங் படிக்க ஊரிலிருந்து வந்த ஒரு பையனைத் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டார். விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்த ஒரு சாயங்காலம், அவன் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதிக்கொண்டிருந்தான். பெரியப்பா அதை வாங்கிப் படித்தார். மேசையிலிருந்த சிவப்பு மை பேனாவை எடுத்து ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாவற்றையும் சுழித்து, ஓரத்தில் சரியானதை எழுதி அவன் கையில் கொடுத்தார். நல்லது செய்கிறோம் என்ற நிறைவு அவர் முகத்தில் இருந்தது. “அவன் ஆத்தாவுக்குப் படிக்கவே தெரியாதுங்க, யாராச்சும் படிச்சுத்தான் சொல்லணும்” என்று அடுப்படியிலிருந்து பெரியம்மா சொன்னார். பெரியப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அந்தப் பையன் வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. போஸ்ட் ஆபீஸில், பசை டப்பா இருக்கும் சாய்மேசையில் நின்றபடி எழுதுவான்.

‘விண்டர் ஸ்லீப்’ படத்தில் ஓட்டல் நடத்தும், வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஆய்தினும் இதே ரகம்தான். வாடகை பாக்கிக்கு மன்னிப்புக் கேட்க இமாம் ஹம்தி சேற்றில் நெடுந்தூரம் நடந்து வருகிறார். ஆய்தினின் கண்ணில் படுவது அந்தச் சேறு. மதகுருமார் எப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறார். ‘அபவுட் ட்ரை கிராஸஸ்’ படத்தின் ஆசிரியர் சமேத், ஒரு பள்ளிச் சிறுமியிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட காதல் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல், கிழித்துவிட்டேன் என்கிறான். படித்தவர்கள், ரசனை உள்ளவர்கள், பேச்சில் யாரையும் வென்றுவிடக்கூடியவர்கள். பக்கத்தில் இருக்கிறவரிடம் இவர்கள் காட்டும் சின்னச் சின்னக் குரூரத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த மனிதர் படமாக்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, உரக்கடையில் உட்கார்ந்து, ஊர் என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதுகிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் எழுத்து இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் தனிமையும் பொய்யில்லை. சின்ன ஊரில் புத்தகம் பேச ஆள் இல்லாமல் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஜெய்லானே பொறியியல் படித்து, புகைப்படம் எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிவிட்டு, முதல் குறும்படத்தை முடித்தபோது வயது 36. உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் யூரியா மூட்டையைப் பற்றி அப்பா பேசும்போது காது கொடுங்கள். எந்தப் போகத்துக்கு எவன் கடன் வாங்கினான், எவன் திருப்பித் தரவில்லை, யாரிடம் கேட்காமல் விட்டோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

நண்பர்களுக்கு ‘அனடோலியா’வைப் போடுங்கள். பிணத்தைக் கண்டுபிடிப்பார்களா என்ற கேள்வி அவர்களை உட்காரவைக்கும். எர்ஜான் கெசால் என்ற மருத்துவர் இளம் வயதில் சிற்றூரில் வேலை பார்த்தபோது கண்டதிலிருந்து பிறந்த கதை அது, திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு. ஊர்த்தலைவராக நடித்திருப்பதும் அவரே. மின்சாரம் போன இருட்டில் அவர் மகள் விளக்கோடு தேநீர் கொண்டுவரும் இடத்தில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தனியாக ‘க்ளவுட்ஸ் ஆஃப் மே’ பாருங்கள். கடையில் வேண்டாம், செல்போனிலும் வேண்டாம்.