கட்டாகும் போனும் 'தேன் மாதிரி' மாம்பழமும்

கேள்வி: அஞ்செட்டி மலைப்பாதையில் மகள் வரும்போது போன் கட்டாகிவிடுகிறது. நான் விடாமல் அடிக்கிறேன், சிக்னல் வந்ததும் அவளும் அடிக்கிறாள், இரண்டு பக்கமும் பிஸி. சில நாள் இருவருமே காத்திருக்கிறோம். 'கேம் தியரி'யில் இதற்குப் பதில் உண்டாமே?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: உண்டு. ஒருவர் முடிவின் பலன் மற்றவர் முடிவையும் பொறுத்திருக்கும்போது என்ன செய்வது என்று கணக்குப் போடுவதுதான் கேம் தியரி. தாளில் நாலு கட்டம் போடுங்கள். இருவரும் அழைத்தாலும், இருவரும் காத்திருந்தாலும் ஆளுக்கு 0. ஒருவர் அழைத்து மற்றவர் எடுத்தால் அழைத்தவருக்கு 2, எடுத்தவருக்கு 3 (சிரமம் மிச்சமல்லவா!). தான் மட்டும் முடிவை மாற்றினால் நஷ்டம் என்று இருவருக்கும் ஆகிற கட்டங்கள் இரண்டு. இவை நாஷ் சமநிலைகள். இரண்டில் எது என்று பேசிவைக்காததுதான் உங்கள் சிக்கல். பேசிவைக்காமல் இருவரும் ஒரே மாதிரி கணக்குப் போட்டால், ஒவ்வொருவரும் 5-க்கு 2 தடவை அழைப்பதில் போய் நிற்கும். அப்போது லைன் கிடைப்பது 100-க்கு 48 தடவைதான்.

தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1969-ல் வழக்கம் என்றால் என்ன என்று விளக்க இதே கட்டான போனைத்தான் எடுத்துக்கொண்டார். 'முதலில் அழைத்தவரே மறுபடி அழைக்கட்டும்' என்பது யாரோடு பேசினாலும் செல்லும். யார் முதலில் அழைத்தார் என்பது இருவருக்கும் தெரியுமே. உங்கள் விஷயத்தில் அது சரிவராது. சிக்னல் எப்போது திரும்பும் என்பது மலையில் இருப்பவருக்குத்தான் தெரியும். மகளே அழைக்கட்டும், நீங்கள் போனைத் தொடாதீர்கள்.

கேள்வி: மாம்பழ வியாபாரப் பேச்சை 'கேம் தியரி' முறையில் ஆராய ஆசை. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: "தேன் மாதிரி இருக்கும்" என்பதில் தொடங்காதீர்கள். பழம் புளித்தாலும் அதைச் சொல்லலாம், காசா பணமா? இருவர் நலனும் விலக விலக இப்படிப்பட்ட பேச்சில் தகவல் மங்கிப்போகும் என்று பொருளியல் அறிஞர்கள் கிராஃபோர்டும் சோபலும் 1982-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். "அறுத்துக் காட்டட்டுமா?" என்பது வேறு ரகம், புளித்த செந்தூரா வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. அதிலும் வியாபாரி எடுக்கும் பழமா, நீங்கள் கைகாட்டும் பழமா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரக் கடை ஒன்று, ஊருக்குள் தினமும் அதே தெருவில் விற்கும் வண்டி ஒன்று. அனுமதி கேட்டு இரண்டிலும் இருபது பேச்சு பதிவு செய்யுங்கள். "கடைசி விலை சொல்லுங்க" என்பதும் அதற்கு வரும் பதிலும் போதும். தயங்கிய நொடியையும் எழுதுங்கள். யாருக்கு என்ன லாபம் என்ற எண்களைப் பதிவைக் கேட்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: கேட்டபின் எண்ணைத் திருத்தினால் எந்தப் பேச்சும் பொருந்திவிடும்.